கான்ஃபரன்ஸ் மாறினால் பங்காளிச் சண்டை ஏன் நிற்கிறது?

சனிக்கிழமை ரசிகன் கேட்டது:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பத்தி ஒரு சந்தேகம். டெக்ஸஸும் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மும் 1894-லேருந்து மோதிக்கிட்டு வந்தவங்க. 2011 நவம்பர் 24-ல் நடந்த ஆட்டத்துல கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது ஜஸ்டின் டக்கர் 40 கஜத்துலேருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவுல உதைக்கிறது) அடிச்சார், டெக்ஸஸ் 27-25ன்னு ஜெயிச்சுது. அதோட சரி. ஏ அண்ட் எம், பிக் 12 கான்ஃபரன்ஸை (கல்லூரிகள் சேர்ந்து ஆடுற கூட்டமைப்பு) விட்டு எஸ்.இ.சி.ங்கிற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போச்சு. பன்னிரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2024-ல் டெக்ஸஸும் எஸ்.இ.சி.க்கு வந்தப்புறம்தான் திரும்ப ஆரம்பிச்சுது.

கான்ஃபரன்ஸ் வேறன்னா மோதக் கூடாதுன்னு விதி ஏதாவது இருக்கா? ப்ளோரிடா எஸ்.இ.சி., ப்ளோரிடா ஸ்டேட் ஏ.சி.சி.ங்கிற வேற கான்ஃபரன்ஸ். அவங்க ஆடிக்கிட்டுத்தானே இருக்காங்க? அப்புறம் ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் ஆடுற "பெட்லம்" ஏன் 2023-ஓட நின்னுச்சு? பேக் 12 கான்ஃபரன்ஸை விட்டுப் பெரியவங்க போனப்புறம் பின்னால் நிக்கிற ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் கதி என்ன? எந்தச் சண்டை பிழைக்கும், எது போகும்னு அட்டவணையைப் பார்த்தே சொல்ல முடியுமா?

---

பத்துகஜம்:

விதி ஒண்ணும் கிடையாது, கணக்குதான் குறுக்க நிக்குது.

ஒரு சீசனுக்கு 12 ஆட்டம். பிக் டென், பிக் 12-ங்கிற ரெண்டு கான்ஃபரன்ஸ்லயும் அதுல 9 கான்ஃபரன்ஸுக்குள்ள ஆடணும். எஸ்.இ.சி. 2025 வரைக்கும் 8, 2026 முதல் அங்கயும் 9. மிச்சம் கைல இருக்கிறது மூணே மூணு. பெரிய கல்லூரிகளோட விளையாட்டுத் துறை 12-ல 7 ஆட்டமாவது சொந்த மைதானத்துல வேணும்னு பிடிவாதமா இருக்கும். டிக்கெட், பார்க்கிங், சொகுசு அறை எல்லாம் அங்கதான் காசாகுது. நல்ல சீட்டுக்கு நன்கொடை கொடுக்கிறவங்களும் சீசன்ல எத்தனை ஆட்டம் வீட்டுலன்னு எண்ணித்தான் கொடுப்பாங்க.

ஒன்பது ஒத்தைப்படை எண். அதனால ஒரு வருஷம் 5 கான்ஃபரன்ஸ் ஆட்டம் வீட்டுல, அடுத்த வருஷம் 4. நாலு வர்ற வருஷத்துல 7 ஆகணும்னா மிச்ச மூணும் வீட்டுலதான் ஆடணும். அஞ்சு வர்ற வருஷத்துல மட்டும் ஒரே ஒரு ஆட்டத்துக்கு வெளியூர் போகலாம். ஆக, வேற கான்ஃபரன்ஸ்ல இருக்கிற பங்காளி ஊருக்குப் போற முறை அந்த "அஞ்சு" வருஷத்துலதான் விழணும். ரெண்டு பேரும் 9 ஆடுற கான்ஃபரன்ஸ்னா, ஒருத்தருக்கு அஞ்சு வர்றப்ப இன்னொருத்தருக்கு நாலு வரணும்.

இது பொருந்தி வர்ற இடத்துக்கு உதாரணம் ஐயோவா – ஐயோவா ஸ்டேட். முன்னது பிக் டென், பின்னது பிக் 12. 2024-ஐ எடுத்துக்கங்க. ஐயோவாவுக்கு கான்ஃபரன்ஸ்ல 4 வீட்டு ஆட்டம், வெளி ஆட்டம் (வேற கான்ஃபரன்ஸ் அணியோட ஆடுறது) மூணும் சொந்த ஊர் ஐயோவா சிட்டியில, ஆக 7. ஐயோவா ஸ்டேட்டுக்கு கான்ஃபரன்ஸ்ல 5, வெளி ஆட்டத்துல 2 வீட்டுல, ஒண்ணு ஐயோவா சிட்டியில, அதுவும் 7. பல் சக்கரம் மாதிரி கோத்துக்குது. 1977-லேருந்து கொரோனா வருஷம் 2020 தவிர ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

டெக்ஸஸுக்கு வாங்க. பிக் 12-ல 9 ஆட்டம். அதுல ஒக்லஹோமாவோட மோதுற ஆட்டம் வருஷா வருஷம் டல்லாஸ் காட்டன் பௌல்ல, ரெண்டு பேருக்கும் பொது மைதானம். மிச்சம் 4 வீடு, 4 எதிரி ஊர். அப்போ 7 வேணும்னா வெளி ஆட்டம் மூணுமே எல்லா வருஷமும் சொந்த ஊர் ஆஸ்டின்ல நடக்கணும். 2012-ல ஓல் மிஸ் (மிஸ்ஸிஸிப்பி பல்கலைக்கழகம்) ஊருக்குப் போனாங்க, வயோமிங்கையும் நியூ மெக்ஸிகோவையும் வீட்டுக்குக் கூப்பிட்டாங்க, மொத்தம் 6தான் வந்துச்சு. ஏ அண்ட் எம் பக்கமும் இதே இழுபறி. ஆர்க்கன்ஸாவோட ஆட்டத்தை 2014-லேருந்து 2024 வரை (2020 நீங்கலா) டல்லாஸ் பக்கத்து ஆர்லிங்டன் ஸ்டேடியத்துக்குக் கொடுத்துட்டாங்க. ரெண்டு பேருமே ஆளுக்கொரு ஆட்டத்தை டல்லாஸ் பக்கம் தாரை வார்த்துட்டு வந்து உட்கார்ந்தவங்க.

அடுத்தது தேதி. அந்தச் சண்டைக்கு மவுசே நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரம்தான். ஏ அண்ட் எம் எஸ்.இ.சி.க்குப் போனதும் அந்த இடத்துல 2014-லேருந்து எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) வந்துடுச்சு (2018-ல ஏழு ஓவர்டைம் போய் 74-72ன்னு முடிஞ்சது அந்த ஜோடிதான்). காலியான நாற்காலி காலியா இருக்காது. ப்ளோரிடா – ப்ளோரிடா ஸ்டேட், ஜார்ஜியா – ஜார்ஜியா டெக், சவுத் கரோலினா – கிளெம்சன், கென்டக்கி – லூயிவில் நாலும் எப்படித் தப்பிச்சுதுன்னா, எஸ்.இ.சி.யும் ஏ.சி.சி.யும் அந்தக் கடைசிச் சனிக்கிழமையை இவங்களுக்காக ஒதுக்கி வச்சிருக்கு. ஒரு கான்ஃபரன்ஸ் மட்டும் ஒதுக்கினா பிரயோஜனமில்லை.

---

பழைய கணக்கு:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.

இடமே இல்லை என்பது உண்மையானால் டெக்ஸஸ் 2012, 2013-ல் ஓல் மிஸ்ஸுடனும் 2017, 2018-ல் மேரிலாந்துடனும் யு.எஸ்.சி.யுடனும் எப்படி ஆடியது? ஒரு பெரிய பெயருக்கு இடம் எப்போதும் இருந்தது. அதை விட்டுப்போனவனுக்குக் கொடுக்க மனசு இல்லை, அவ்வளவுதான். 2013-ல் இரண்டு கல்லூரிகளும் கட்டாயம் மோத வேண்டும் என்று டெக்ஸஸ் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவே வந்தது, நிறைவேறவில்லை. மிஸ்ஸூரி எஸ்.இ.சி.க்குப் போனபோது அதன் பங்காளி கேன்ஸஸும் இதே முறைப்பைக் காட்டியது. கூடைப்பந்தில் 2021-ல்தான் முகம் கொடுத்தார்கள். ஃபுட்பாலுக்கு 2025 செப்டம்பர் 6 வரை ஆனது (மிஸ்ஸூரி 42-31).

ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தால் மட்டும் சண்டை தானாக நடந்துவிடுமா? அலபாமாவும் ஆபர்னும் 1907-க்குப் பிறகு 1948 வரை 41 ஆண்டுகள் மோதவில்லை. வீரர்களுக்கான தினப்படியிலும் நடுவர் யார் என்பதிலும் வந்த தகராறு. அத்தனை காலமும் இருவரும் ஒரே கூட்டமைப்பில்தான் இருந்தார்கள். சட்டமன்றம் அழுத்தம் கொடுத்த பிறகே பர்மிங்ஹாமில் மறுபடி ஆடினார்கள். அலபாமா 55-0. இத்தனை வருடம் காத்திருந்து ஆபர்னுக்குக் கிடைத்தது அதுதான்.

ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளி ஆட்டங்கள் பல வருடம் முன்பே கையெழுத்தாகிவிடும். "உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று" என்பது வழக்கம். விலகுகிறவர் கட்ட வேண்டிய தொகை, வருகிற அணிக்கு எத்தனை டிக்கெட் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். ஒளிபரப்பு உரிமை எந்த ஊரில் ஆட்டமோ அந்த அணியின் கான்ஃபரன்ஸுக்குப் போகும். கேன்ஸஸும் மிஸ்ஸூரியும் 2020-ல் உடன்பட்டார்கள், முதல் ஆட்டம் 2025-ல். அடுத்தது 2026-ல் கேன்ஸஸின் ஊரான லாரன்ஸில், அதன் பிறகு 2031, 2032. நடுவில் நான்கு சீசன் ஓட்டை. பிட்ஸ்பர்க் – வெஸ்ட் வர்ஜீனியா "பேக்யார்ட் பிரால்" 2011-ல் நின்று 2022-ல் திரும்பி 2025 வரை ஓடியது, அடுத்த தொகுப்பு 2029-ல். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 120 கிலோமீட்டர்தான். இதைப் "பிழைத்தது" என்று சொல்வதா, விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறது என்று சொல்வதா?

பெட்லம் விஷயமும் இதுவே. 2023 நவம்பர் 4-ல் தன் ஊரான ஸ்டில்வாட்டரில் ஒக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று ஜெயித்தது. அதன் பிறகு இரண்டு பக்கமும் "அட்டவணை நிரம்பிவிட்டது" என்றார்கள். அந்த நிரம்பிய இடத்தில் யார் என்று பாருங்கள். ஒக்லஹோமா ஸ்டேட் 2025-ல் ஆரெகன் ஊருக்குப் போய் 69-3 என்று உதை வாங்கியது, 2026-ல் ஆரெகன் ஸ்டில்வாட்டர் வருகிறது. பக்கத்து வீட்டுப் பங்காளியை இழந்த ஒருவரும், பங்காளியைக் கைவிட்ட இன்னொருவரும் இரண்டு மலைத்தொடர் தாண்டி ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள். பழைய ஒப்பந்தத்தின் புண்ணியம்.

---

வடமேற்குத் திண்ணை:

பின்னால் விடப்பட்டவர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேக் 12 கலைந்த வரிசை முக்கியம். 2022 ஜூன் 30-ல் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குக் கிளம்பின. 2023 ஜூலையில் கொலராடோ பிக் 12-க்கு. ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12-க்கு. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் ஏ.சி.சி.க்கு. பந்தி முடிந்து பார்த்தால் இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இருவர் மட்டுமே.

கிளம்பியவர்களுக்கும் முழுச் சாப்பாடு இல்லை. ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர் என்ற குறைந்த பங்கில்தான் உள்ளே போயின. ஸ்டான்ஃபோர்டும் காலும் ஏழு வருடம் ஏ.சி.சி. பங்கில் 30 சதவீதத்துக்குச் சம்மதித்தன.

மிஞ்சிய இருவர் கையில் ஒரே ஆயுதம் கான்ஃபரன்ஸின் சட்டதிட்டம். 2024 ஆகஸ்ட் 1-க்கு முன் விலகல் அறிவிப்பு கொடுத்த கல்லூரி நிர்வாகக் குழுவில் ஓட்டு இழக்கும் என்று அதில் இருந்தது. 2023 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போனார்கள், நவம்பரில் இடைக்காலத் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. மாநில உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. கடைசியில் சமரசம்: போகிற பத்து கல்லூரியும் ஆளுக்கு 65 லட்சம் டாலர், மொத்தம் 6.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன. கான்ஃபரன்ஸின் பெயரும் எதிர்கால வருமானமும் இந்த இருவரிடம்.

ஆனால் பெயரை வைத்துக்கொண்டு சனிக்கிழமை யாருடன் ஆடுவது? 2024-க்கு மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிடம் 1.4 கோடி டாலர் கொடுத்து எதிரணி வாங்கினார்கள். மற்ற விளையாட்டுகள் பலவற்றுக்கு இரண்டு வருடம் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் குடித்தனம்.

பணத்தைவிட வேகமாகப் போனது ஆட்கள். ஆரெகன் ஸ்டேட் கோச் ஜோனதன் ஸ்மித் 2023 நவம்பரிலேயே மிஷிகன் ஸ்டேட்டுக்குப் போனார். வாஷிங்டன் ஸ்டேட் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்து எறிகிறவர்) கேம் வார்ட் மயாமிக்கு. அடுத்த வருடம் அந்த இடத்தில் ஆடிய ஜான் மேட்டீர் ஒக்லஹோமாவுக்கு, கோச் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்ட்டுக்கு. வீரர்கள் தடையில்லாமல் மாற்றலாகிற காலம் என்பதால் இப்படிப்பட்ட கல்லூரி நாற்றங்கால் ஆகிவிடுகிறது: இங்கே வளர்த்துப் பிடுங்கி வேறு வயலில் நடுவார்கள்.

வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கப் தேங்க்ஸ்கிவிங் வாரத்திலிருந்து செப்டம்பருக்குத் தள்ளப்பட்டது. ஒப்பந்தம் 2028 வரை. 2024 செப்டம்பர் 14-ல் சியாட்டில் லூமன் ஃபீல்டில் வாஷிங்டன் ஸ்டேட் 24-19. கடைசி நிமிடங்களில் வாஷிங்டன் கோல் கோட்டின் வாசலில் நான்காவது, அதாவது கடைசி, முயற்சியில் நிற்கிறது. நேராக முட்டாமல் பந்தை ஓரமாக எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்து மாட்டிக்கொண்டது. பழைய ஆப்பிள் கப்பாக இருந்தால் அந்த ஒரு தடுப்பில் ஒரு சீசனின் தலையெழுத்தே மாறியிருக்கும். செப்டம்பரில் அது மூன்றாவது வார முடிவு, அவ்வளவுதான். அடுத்த வருடம் வாஷிங்டன் ஸ்டேட்டின் ஊரான புல்மனில் வாஷிங்டன் 59-24 என்று திருப்பிக் கொடுத்தது.

ஆரெகன் – ஆரெகன் ஸ்டேட் நிலைமை இன்னும் மோசம். இதுவும் 1894-ல் தொடங்கியது. 2024-ல் 49-14, 2025-ல் 41-7, இரண்டும் ஆரெகனுக்கே. 2026 அட்டவணையில் ஆட்டமே இல்லை. ஆரெகனின் ஊரான யூஜீனிலிருந்து ஆரெகன் ஸ்டேட்டின் கோர்வாலிஸுக்கு சுமார் 65 கிலோமீட்டர். சீசன் கடைசி வாரத்தில் ஆரெகன் இப்போது வாஷிங்டனுடன் ஆடுகிறது.

கலிஃபோர்னியாவில் மட்டும் ஒரு விசித்திரம். யு.சி.எல்.ஏ.வும் காலும் ஒரே பல்கலைக்கழக அமைப்பின் இரண்டு வளாகங்கள். யு.சி.எல்.ஏ. போனதால் காலுக்கு வந்த நஷ்டத்துக்காக ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்கும்படி ஆட்சிக்குழு தீர்மானித்தது. ரசிகர்கள் இதை ஜீவனாம்சம் என்றே கிண்டல் செய்கிறார்கள். ஆரெகனிலும் வாஷிங்டனிலும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி ஆட்சிக்குழு. இரண்டு பேருக்கும் பொதுவாக மேலே உட்கார்ந்து "தம்பிக்கும் கொஞ்சம் கொடு" என்று சொல்ல ஆளில்லை.

---

சனிக்கிழமை ரசிகன்:

அருமை, மூணு பேருக்கும் நன்றி. ரெண்டு சின்னக் கேள்வி. கூடைப்பந்து, பேஸ்பால்லயும் இதே நிலைமையா? பெரிய கான்ஃபரன்ஸுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா சண்டை பத்திரம்னு எடுத்துக்கலாமா?

---

செவ்வாய்ப்பந்து:

முதல் கேள்விக்கு மட்டும் நான். மத்த விளையாட்டுல இடம் தாராளமா இருக்குங்க. கூடைப்பந்துல 30 ஆட்டத்துக்கு மேல, கான்ஃபரன்ஸ் 18 இல்லாட்டி 20. பங்காளிக்கு ஒரு டிசம்பர் நாள் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. பெட்லம் ஃபுட்பால்ல நின்னாலும் கூடைப்பந்து 2024 டிசம்பர்ல ஒக்லஹோமா சிட்டி பேகாம் சென்டர்ல நடந்துச்சு.

பேஸ்பால் 56 ஆட்டம். கான்ஃபரன்ஸ் ஆட்டம் எல்லாம் வெள்ளி, சனி, ஞாயிறு. வெளி ஆட்டத்துக்குச் செவ்வாய், புதன். பக்கத்து ஊர்க்காரன் பஸ்ஸுல வந்துட்டு ராத்திரியே திரும்பலாம். ஆனா நல்ல பிட்சர் (பந்து வீசுறவர்) மூணு பேரையும் வார இறுதிக்குப் பத்திரமா வச்சிருப்பாங்க, செவ்வாய்க்கிழமை நாலாவது அஞ்சாவது ஆள்தான் வீசுவான். பங்காளிங்க ஒரே கான்ஃபரன்ஸ்ல இருந்தா மூணு நாள் தொடர், முதல் தர பிட்சர்கள். வேற கான்ஃபரன்ஸ்னா ஒரு ராத்திரி, இருக்கிறவனை வச்சு ஒப்பேத்துறது. ஸ்கோர் போர்டுல அதே ரெண்டு பேர்தான் இருக்கும், ஆனா ஆட்டம் வேற.

---

பத்துகஜம்:

"பழைய கணக்கு" சொன்னது நியாயம். மனசு இல்லாட்டி கணக்கைக் காரணம் காட்டுறது சுலபம். ஆனா மனசு வந்தப்புறமும் கணக்கு விடாதுங்கிறதுக்கு கேன்ஸஸ் – மிஸ்ஸூரி ஒப்பந்தத்துல வர்ற அந்த 2031-ஏ சாட்சி.

உள்ளே போய்ட்டா பத்திரமா? இல்லை. பிக் டென்ல இப்ப 18 அணி, 9 ஆட்டம். எல்லாரும் எல்லாரோடயும் வருஷா வருஷம் ஆட முடியாது, அதனால சில ஜோடிகளை மட்டும் நிரந்தரம்னு பூட்டி வச்சிருக்காங்க. ஐயோவாவுக்கு மூணு: மினசோட்டா, விஸ்கான்ஸின், நெப்ராஸ்கா. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மிஷிகன் ஒண்ணுதான். பென் ஸ்டேட்டுக்கு ஒண்ணுகூட இல்லை. எஸ்.இ.சி. 2026-லேருந்து ஆளுக்கு மூணு நிரந்தர எதிரி, மிச்ச ஆறு சுழற்சி. டெக்ஸஸுக்கு ஒக்லஹோமா, ஏ அண்ட் எம், ஆர்க்கன்ஸா மூணும் கிடைச்சுது, அது அதிர்ஷ்டம். அலபாமாவுக்கு ஆபர்ன், டென்னஸி, மிஸ்ஸிஸிப்பி ஸ்டேட். அலபாமா – எல்.எஸ்.யூ. வருஷாந்திர ஆட்டம் போச்சு. புது விருந்தாளிக்கு இடம் விட்டு வீட்டுக்காரன் திண்ணைக்கு வந்த கதை.

அதனால ஒரு சண்டை தேறுமான்னு பார்க்க, அடுத்தடுத்த ரெண்டு வருஷ அட்டவணையை எடுங்க. ரெண்டு பேருக்கும் கான்ஃபரன்ஸ் வீட்டு ஆட்டம் எத்தனைன்னு எண்ணுங்க. 5-4ம் 4-5ம் எதிரெதிரா வருதா? பொது மைதானத்துல யாராவது ஒரு ஆட்டத்தைப் பறிகொடுத்திருக்காங்களா? நவம்பர் கடைசி வாரத்தை ரெண்டு கான்ஃபரன்ஸும் விட்டிருக்கா? அப்புறம் ஒப்பந்தம் எந்த வருஷத்தோட முடியுதுன்னு பாருங்க. முடியுற வருஷத்துக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தியே புதுக் கையெழுத்து விழலைன்னா அந்த இடத்தை வேற எவனாவது வாங்கிடுவான்.

இன்னொண்ணு, இந்த அடி மேலேயிருந்து கீழே இறங்கிக்கிட்டே இருக்கும். ஆரெகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் புது பேக் 12 கட்டுறதுக்கு மவுன்டன் வெஸ்ட்லேருந்து பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் அஞ்சு பேரையும் 2026-க்கு இழுத்துக்கிட்டாங்க. கொலராடோ ஸ்டேட்டோட பங்காளி வயோமிங். 1899-லேருந்து பழக்கம், நடுவுல சுமார் 100 கிலோமீட்டர் மலைப் பாதை. வயோமிங் மவுன்டன் வெஸ்ட்லயே நின்னுடுச்சு. இனிமே அவங்க "பிரான்ஸ் பூட்" (வெண்கல பூட்ஸ், Bronze Boot) ஆட்டமும் வெளி ஆட்டக் கணக்குலதான் வரும்.

---

வடமேற்குத் திண்ணை:

அடுத்த சுற்று எப்போது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஏ.சி.சி.யை விட்டு விலக 2026-ல் 16.5 கோடி டாலர் கட்ட வேண்டும். அது ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030-31-ல் 7.5 கோடியில் நிற்கும். பிக் டென்னின் டிவி ஒப்பந்தமும் அதே நேரத்தை ஒட்டித்தான் முடிகிறது. ப்ளோரிடா ஸ்டேட் – மயாமி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.